ஏர் டெம்பரேச்சர் சென்சார் கோளாறு: தருமபுரி, கிருஷ்ணகிரி கார்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

செக் என்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனர் போட்டால் 'இன்டேக் ஏர் டெம்பரேச்சர்' என்று ஏதோ வருகிறது. மெக்கானிக் சென்சாரை மாற்றிவிடலாம் என்கிறார். மாற்றிய பிறகும் லைட் அணையவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கும், இனிமேல் அந்த நிலைக்கு வரப்போகிறவர்களுக்கும் இந்தப் பக்கம்.

இந்த சென்சார் என்னதான் செய்கிறது?

என்ஜினுக்குள் போகும் காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். சூடு ஏறினால் காற்று விரிந்து இலேசாகிவிடும். 20 டிகிரி காற்று 40 டிகிரிக்குப் போனால், அழுத்தம் மாறாமல் இருக்கும்போது, அதே இடத்தில் அடங்கும் காற்றின் எடை 6 சதவீதத்துக்கு மேல் குறையும். காற்று குறைந்தால் பெட்ரோலையும் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். மார்கழி விடியலில் தளியில் கிளம்பி மதியத்துக்குள் அரூர் வந்து சேரும் வண்டிக்கு ஒரே நாளில் இந்தக் கணக்கு நன்றாகவே மாறும். உயரத்தால் வரும் வித்தியாசமும் உண்டு. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி அதில் பாதி. ஆனால் உயரத்தைக் கவனிப்பது அழுத்த சென்சாரின் வேலை, இதன் வேலை இல்லை.

உள்ளே இருப்பது தெர்மிஸ்டர் என்ற சிறு பொருள். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். கம்ப்யூட்டர் 5 வோல்ட்டைத் தன்னுள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக அனுப்பிவிட்டு, திரும்பத் தெரியும் வோல்ட்டேஜை வைத்து டிகிரியைக் கணக்கிடும். வோல்ட்டேஜ் அதிகம் என்றால் குளிர், குறைவு என்றால் சூடு. இந்த ஒரு விஷயம் புரிந்தால் கீழே வரும் எல்லாமே புரிந்துவிடும்.

என் காரில் அது எங்கே இருக்கிறது?

மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் ஏர் ஃபில்டர் பெட்டியிலோ அதிலிருந்து போகும் ரப்பர் குழாயிலோ இரண்டு வயரோடு தனியாகச் செருகியிருக்கும். காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் அதற்குள்ளேயே சேர்ந்திருக்கும். மாஃப் இல்லாத பெட்ரோல் கார்களில் இன்டேக் மேனிஃபோல்டில் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்த சென்சாரோடு ஒரே உடலில் நான்கு வயரோடு இருப்பதுதான் வழக்கம்.

டர்போ டீசலில் இரண்டு இருக்கலாம். ஒன்று ஃபில்டரை ஒட்டி, இன்னொன்று டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி. எந்த சென்சாரைப் பற்றிய புகார் என்பது ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணை, அதாவது 'கோடு' (code) என்பதைப் பார்த்தால் தெரியும்.

கோளாறு என்றால் வண்டியில் என்ன தெரியும்?

பல நேரம் லைட்டைத் தவிர எதுவுமே தெரியாது. மாஃப் உள்ள வண்டியில் காற்றின் எடையையே நேராக அளந்துவிடுவதால், வெப்ப சென்சார் பொய் சொன்னாலும் பெட்ரோல் கணக்கு பெரிதாகக் கெடாது. அழுத்த சென்சாரை நம்பி ஓடும் வண்டியில்தான் விளைவு அதிகம். காற்று கடுங்குளிர் என்று தவறாகச் சொன்னால் பெட்ரோல் கூடுதலாகப் போகும்: சைலன்சர் முனையில் கரி, பெட்ரோல் வாடை, மைலேஜ் இறக்கம், சூடான என்ஜின் ஸ்டார்ட் ஆகத் தகராறு. மாறாக, காற்று கொதிக்கிறது என்று சொன்னால் இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) கம்ப்யூட்டர் பின்னுக்குத் தள்ளிவிடும், பிக்கப் செத்துப்போகும்.

நிதானமாக ஓட்டும்போது சைலன்சருக்குப் போகும் புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் இந்தத் தவறில் பெரும் பகுதியைத் திருத்திவிடும். அதனால் காலை முதல் ஸ்டார்ட்டிலும், மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதும்தான் குறை வெளியே தெரியும். "ஊருக்குள்ள நல்லா போகுது, சேலத்துலேர்ந்து வரும்போது தொப்பூர் ஏத்தத்துல மட்டும் இழுக்கல" என்பவர்கள் இதைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் பட்டியலின் முதல் வரியில் அல்ல.

ஸ்கேனரில் பி0113 என்று வந்தது. சென்சார் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

கோடு என்பது கம்ப்யூட்டரின் தீர்ப்பு அல்ல, புகார். பி0113 என்றால் "அந்த வயரில் வோல்ட்டேஜ் ரொம்ப அதிகமாக இருக்கிறது" என்று மட்டுமே பொருள். கப்ளர் (வயரை சென்சாரில் செருகும் பிளக்) கழன்றிருந்தாலும் அதே வோல்ட்டேஜ்தான், வயர் அறுந்திருந்தாலும் அதேதான், சென்சார் உள்ளே விட்டுப்போயிருந்தாலும் அதேதான். மூன்றில் எது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் ஸ்கேனரில் காற்றின் வெப்பம் மைனஸ் 40 என்று காட்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எந்த மார்கழியிலும் வராத குளிர்.

பி0112 இதற்கு நேர் எதிர். வோல்ட்டேஜ் மிகக் குறைவு, எங்கோ ஷார்ட். ரீடிங் 100 டிகிரியை எல்லாம் தாண்டி நிற்கும். பி0114 என்றால் விட்டு விட்டு வருகிறது: லூஸ் கப்ளர், குலுங்கினால் தொடும் வயர். பி0111தான் கொஞ்சம் சூட்சுமமானது. வயர் சரி, வோல்ட்டேஜ் சரி, ஆனால் சொல்லும் டிகிரி நம்பும்படி இல்லை, அல்லது ஒரே எண்ணில் உறைந்து நிற்கிறது என்று பொருள். சென்சாரே கெட்டிருக்கவோ அழுக்கேறியிருக்கவோ வாய்ப்பு அதிகம் உள்ள கோடு இதுதான். பி0110 பொதுவாக 'அந்தச் சுற்றில் ஏதோ கோளாறு' என்பதோடு நின்றுவிடும்.

டர்போ வண்டியில் பி0095 முதல் பி0099 வரை ஏதாவது வந்தால் அது இரண்டாவது சென்சார். ஃபில்டர் பக்கத்தில் இருப்பதை மாற்றிவிட்டு லைட் போகவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

பணிமனைக்குப் போகாமல் நானே ரீடிங் பார்க்க முடியுமா?

முடியும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளை கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சின்ன புளூடூத் அடாப்டரும் ஃபோனில் ஒரு ஆப்பும் போதும். மலிவான அடாப்டர்கள் சில அடிக்கடி தொடர்பை இழக்கும், சில வண்டிகளோடு பேசவே பேசாது. இருந்தாலும் இந்தச் சோதனைக்கு அவையே போதும்.

ஆப்பில் இன்டேக் ஏர் டெம்பரேச்சர், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்) டெம்பரேச்சர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்.

சரி, ரீடிங் சரியா தவறா என்று எப்படி முடிவு செய்வது?

இரவு முழுக்க நிழலில் நின்ற வண்டியை விடியற்காலையில் பாருங்கள். சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். எட்டு மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் காற்றும் கூலன்ட்டும் வெளி வெப்பமும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஐந்தாறு டிகிரி முன்பின் இருந்தால் பரவாயில்லை. வெளியே 24, கூலன்ட் 25, காற்று 26 என்றால் சென்சார் அந்த இடத்திலாவது உண்மை பேசுகிறது. வெளியே 24, கூலன்ட் 25, காற்று 48 என்றால் விஷயம் இருக்கிறது. கூலன்ட் மட்டும் தனித்து நின்றால் சந்தேகப்பட வேண்டியது வேறு சென்சாரை. வெளி வெப்பத்துக்கு ஃபோனில் வரும் 'தருமபுரி 27 டிகிரி'யை நம்ப வேண்டாம். வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை அரைமணி நேரம் தொங்கவிட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஸ்டார்ட் செய்து ஓட்டிப் பாருங்கள். எண் நகர வேண்டும். நின்றால் ஏறும், ஓடினால் இறங்கும். வேகம் பிடித்தும் அசையாமல் ஒரே எண்ணில் நிற்கிற ரீடிங் எதுவானாலும் நம்பத் தகுந்ததல்ல. ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் கோடு பதிவானதும் கம்ப்யூட்டர் தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஓட்டும், ஸ்கேனரிலும் அதையே காட்டும். கோடைக் குறித்துக்கொண்டு, அழித்துவிட்டுப் பார்த்தால் இந்தக் குழப்பம் இருக்காது.

கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நிற்கும்போது 65 டிகிரி காட்டுகிறது. வெளியே 37தான். சென்சார் தவறா?

பெரும்பாலும் இல்லை. நின்ற வண்டியின் பானெட்டுக்குள் ரேடியேட்டர் ஃபேன் சூட்டைச் சுற்றிச் சுற்றி அடிக்கும், மேனிஃபோல்டும் சென்சாரின் உடலும் சேர்ந்து சூடாகும். சென்சார் சொல்வது தன்னைச் சுற்றியுள்ள சூட்டை, ரோட்டின் சூட்டை அல்ல. மேனிஃபோல்டில் பதித்த வகையில் இது இன்னும் அதிகம். டோல்கேட்டைத் தாண்டி 70, 80 வேகத்தில் சில நிமிடம் போன பிறகு பாருங்கள். வெளி வெப்பத்துக்கு மேல் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் இறங்கினால் கவலை வேண்டாம். சாப்பிட நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து சாவி போட்டதும் தெரியும் பெரிய எண்ணும் இதே கதைதான்.

டர்போ டீசலில் மேலுமலை ஏற்றம் மாதிரி இடத்தில் இரண்டாவது சென்சார் ஏகத்துக்கும் ஏறி, பிக்கப்பும் விழுந்தால் முதலில் இன்டர்கூலரின் முகப்பைப் பாருங்கள். கிரானைட் லாரிகளுக்குப் பின்னாலேயே ஓடும் வண்டிகளில் தூசும் பூச்சியும் சேர்ந்து அப்பியிருக்கும். அங்கே சென்சார் உண்மையைச் சொல்கிறது. அதைப் பிடுங்கி மாற்றுவது சேதி கொண்டுவந்தவனை அடிப்பது போல.

மல்டிமீட்டர் இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

இரண்டு வயர் சென்சார் என்றால் எளிது. சாவியை அணைத்து, கப்ளரைக் கழற்றி, சென்சாரின் இரு கால்களுக்கு நடுவே ஓம் (மின்தடை) பாருங்கள். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 40 டிகிரி வெயிலில் 1.2 கிலோ ஓம் அருகே, 60 டிகிரியில் 600 ஓம் அருகே இருக்கும். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளதுதான். நான் அந்த எண்ணைவிட அது நகரும் விதத்தைத்தான் அதிகம் நம்புவேன். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துச் சூடேற்றினால் ஓம் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், ஆறினால் அதே வழியில் ஏற வேண்டும். நடுவில் திடீரென்று குதித்தாலோ, முடிவிலி காட்டினாலோ, பூஜ்யத்துக்கு விழுந்தாலோ சென்சார் காலி. குளிருக்கு ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம் வைத்துப் பார்க்கலாம். லைட்டர் நெருப்பைக் காட்டாதீர்கள். நல்ல சென்சாரும் அதோடு போகும்.

நான்கு, ஐந்து வயர் உள்ளதில் எந்த இரண்டு கால்கள் வெப்பத்துக்கு என்று வயரிங் படம் பார்த்து உறுதி செய்த பிறகே மீட்டரை வையுங்கள். ஊகித்து வைத்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

சென்சார் நன்றாக இருக்கிறது, கோடு மட்டும் போகவில்லை. வயரை எப்படிப் பார்ப்பது?

இங்கேதான் பெரும்பாலான பணம் மிச்சமாகும். ஸ்கேனரில் ரீடிங்கை ஓடவிட்டு, சாவி ஆனில் (என்ஜின் ஓடாமல்) கப்ளரைக் கழற்றுங்கள். ரீடிங் மைனஸ் 40க்குப் போக வேண்டும். அப்புறம் கப்ளரின் இரு ஓட்டைகளையும் ஒரு சின்ன வயர்த் துண்டால் இணையுங்கள். ரீடிங் உச்சத்துக்கு எகிற வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் கம்ப்யூட்டரும் சுத்தம், குற்றவாளி சென்சார்தான்.

கழற்றியும் ரீடிங் சூடாகவே நின்றால் சிக்னல் வயர் வழியில் எங்கோ பாடியிலோ கிரவுண்டிலோ உரசுகிறது. இணைத்தும் மைனஸ் 40 அசையவில்லை என்றால் இரண்டில் ஒரு வயர் அறுந்திருக்கிறது. அப்போது சிக்னல் வயரை மட்டும் பேட்டரி நெகட்டிவ்வுக்கு எதிராக மீட்டரில் பாருங்கள். 5 வோல்ட் வந்தால் அந்த வயர் நலம், அறுந்தது கிரவுண்ட் வயர்.

இணைக்கும் சோதனையை இரண்டு வயர் சென்சாரில் மட்டும் தைரியமாகச் செய்யலாம். நான்கு வயர் கப்ளரில் தவறிப்போய் 5 வோல்ட் சப்ளையையும் கிரவுண்டையும் இணைத்துவிட்டால் அதே சப்ளையில் இருக்கும் மற்ற சென்சார்களும் படுத்துவிடும். கை பழகாதவர்கள் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

வயர் எதனால் கெடுகிறது?

எலி. மாந்தோப்பு, களம், வைக்கோல்போர் பக்கத்தில் நிறுத்தும் வண்டிகளில் எலிதான் முதல் காரணம். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கம் தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்தது பானெட்டைத் திறந்து வைத்து அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கும் வாட்டர் சர்வீஸ். கப்ளருக்குள் ஈரம் தங்கி, பின்களில் பச்சை பூத்துவிடும்.

மூன்றாவதுதான் நிறையப் பேர் கவனிக்காதது. ஏர் ஃபில்டர் மாற்றிய அன்றோ மறுநாளோ லைட் எரிந்தால், கப்ளரைத் திரும்பச் செருக மறந்திருப்பார்கள், அல்லது லாக் உடைந்து அரைகுறையாக நிற்கும். கையால் அழுத்தி 'டக்' என்று உட்கார்ந்தால் வேலை முடிந்தது. ஒரு ரூபாய் செலவில்லை.

சென்சாரைச் சுத்தம் செய்தால் சரியாகுமா?

வயர் கோளாறுக்கு ஆகாது. ரீடிங் மந்தமாக நகர்ந்தால் மட்டும் பயன் உண்டு. டீசலில் என்ஜின் ஆயில் ஆவியும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் இஜிஆர் அமைப்பின் கரியும் கலந்து மேனிஃபோல்டு சென்சாரின் மூக்கில் தார் மாதிரி படியும். அதற்கு மாஃப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, தானாகக் காய விடுங்கள். துணி, பிரஷ், பெட்ரோல் வேண்டாம். மாஃப் வகையில் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியை விரல்கூடத் தொடக்கூடாது.

லைட் எரியவில்லை, ஆனால் மைலேஜ் விழுந்துவிட்டது. இதுவாக இருக்குமா?

அபூர்வம். டயர் காற்று, அடைத்த ஃபில்டர், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், திறந்தபடியே நின்றுபோன தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு), வயதான ஆக்சிஜன் சென்சார், இவற்றையெல்லாம் பார்த்த பிறகு இதற்கு வாருங்கள். ஆப்பைத்தான் ஏற்கெனவே திறந்துவிட்டீர்களே, அரைமணி ஓட்டிய பிறகும் கூலன்ட் 60, 65லேயே நின்றால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்.

இதோடு வண்டியை ஓட்டலாமா?

லைட் நிலையாக எரிந்து, வண்டி சாதாரணமாக ஓடினால் வீடு வரை, வேலை வரை ஓட்டலாம். மாதக்கணக்கில் விடாதீர்கள். எரிபொருள் கூடுதலாகப் போய்க்கொண்டே இருந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெடும், 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசலில் புகை வடிகட்டி சீக்கிரம் அடைக்கும். லைட் கண்ணடித்தால் அது மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாத கோளாறு), வேறு விஷயம். ஓரமாக நிறுத்துங்கள்.

'பவர் சிப்' என்று ஒன்று ஆன்லைனில் விற்கிறார்கள். ஏர் சென்சார் கப்ளரில் செருகினால் பிக்கப் கூடுமாம். வாங்கலாமா?

வேண்டாம். அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது சில ரூபாய் ரெசிஸ்டர். காற்று எப்போதும் குளிராகவே இருக்கிறது என்று கம்ப்யூட்டரை ஏமாற்றும். நாம் காசு கொடுத்துச் சரிசெய்யப் பார்க்கும் அதே கோளாறைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறோம். கோடை மதியத்தில் தேவையான டைமிங் குறைப்பு நடக்காமல் என்ஜின் தட்டுவதும் உண்டு.

மாற்றத்தான் வேண்டும் என்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

பழையதைக் கழற்றி, அதன் உடலில் உள்ள பார்ட் நம்பரோடு கடைக்குப் போங்கள். உருவம் ஒன்றாக இருந்தும் உள்ளே ஓம் கணக்கு வேறாக இருக்கும் சென்சார்கள் உண்டு. தனி இரண்டு வயர் சென்சார் மலிவு. மாஃபோடு சேர்ந்தது என்றால் முழுசையும் மாற்ற வேண்டும், செலவு பல மடங்கு. அதனால்தான் அந்த வகையில் வயர் சோதனையைத் தாண்டாமல் சம்மதிக்காதீர்கள் என்கிறேன்.

புதியதை மாட்டும்போது ரப்பர் ஓ-ரிங்கையும் புதிதாகப் போடுங்கள். காய்ந்த ரிங் வழியாகக் காற்று கசிந்தால் அடுத்த கோடு வரும். பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் ஸ்குரூவை இறுக்கித் தள்ள வேண்டாம். பிறகு கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அழிக்காவிட்டாலும் கோளாறு நீங்கிய வண்டியில் சில நல்ல ஓட்டங்களுக்குப் பிறகு லைட் தானாக அணைந்துவிடும்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது? கோபித்துக்கொள்வாரே?

"அண்ணா, மாத்தறதுன்னா மாத்திக்கலாம். அதுக்கு முன்னாடி கப்ளரக் கழட்டி ரீடிங் மைனஸ் 40க்குப் போகுதான்னு மட்டும் ஒருக்கா பாத்துருங்க." இதற்கு எந்த நல்ல மெக்கானிக்கும் கோபப்பட மாட்டார். பார்க்கவே மறுப்பவரிடம் மாஃப் மாற்றும் வேலையை நான் கொடுக்க மாட்டேன்.

பைக்கிலும் இது உண்டா?

ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பைக்குகளில் உண்டு. பெரும்பாலும் த்ராட்டில் பாடியில் அழுத்த சென்சாரோடு சேர்ந்திருக்கும். சோதிக்கும் முறை அதேதான், ஆனால் கார் அடாப்டர் நேராகப் பொருந்தாது. அந்த கம்பெனிக்குரிய கேபிள் வேண்டும்.